லாண்டரி அக்காவுக்குத் தண்ணீர் நின்ற பதினோரு நாள்

புதுக் கட்டடம் வந்து ஒரு வருஷம் ஆகிறதென்று குடியிருப்போர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். இடித்த தெருவில் இருந்த யாரைப் பற்றியாவது இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று செயலாளர் என்னிடம் கேட்டார். "படிச்சா மனசுக்கு இதமா இருக்கணும்" என்றும் சொன்னார். ஆளைப் பற்றி எழுதுகிறேன். இதத்துக்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் தெருவில் மூன்று பழைய கட்டடங்கள் இருந்தன. கீழே கடைகள், மேலே மூன்று மாடி வீடுகள். மூன்றாவது கட்டடத்தின் மூலையில் பத்தடி அகலத்தில் அக்காவின் லாண்டரி. இருபத்தாறு வருஷமும் அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. இரண்டு மிஷின், ஒரு நீள மேசை, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். கடையும் அதுதான், வீடும் அதுதான். பழைய மிஷினுக்கு அக்கா வைத்த பெயர் கிழவன். பிழியும்போது குதித்துக் குதித்துக் கதவு வரை நடந்து வந்துவிடும். அதன் முன்காலுக்குச் செங்கல் வைத்து நிறுத்தியது நான்தான்.

அக்காவுக்கு வேலை முக்கால்வாசி லாட்ஜ்களிலிருந்து. ஐந்து லாட்ஜ் படுக்கை விரிப்புகளும் ஒரே வெள்ளைதான். ஓரத் தையலை விரலால் தடவி எது எவனுடையது என்று பிரித்துவிடுவார். தெருத் துணியையும் விடமாட்டார். "உன் வீட்டுத் தலையணை உறை ஒண்ணுதான் வருது, நீ ஒரு வாரமா வெளிய ஹால்லதானே படுக்கற? போய் மன்னிப்புக் கேளுடா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். கேட்டேன்.

புருஷன் வெளிநாட்டு வேலைக்குப் போனவர். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. யாராவது துக்கம் விசாரிப்பதுபோல் இழுத்தால், "காயப் போட்டேன், கிளிப் போட மறந்துட்டேன், காத்துல போயிட்டாரு" என்பார். கேட்டவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்.

எனக்கு வாய் அடங்காது. குழாய் ரிப்பேருக்குப் போன இடத்தில் வீட்டுக்காரனையே திட்டிவிட்டு வருவேன். அப்படிப்பட்டவனை யார் கூப்பிடுவார்கள்? அக்கா கூப்பிட வைத்தார். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "ரெஞ்சைக் கூப்பிடுங்க. வாய்தான் நாறும், கை சுத்தம்" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு இந்தத் தெருவில் பிழைப்பு ஓடியது. ரெஞ்சு என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

தெரு முழுவதையும் இடித்து, கீழே கண்ணாடிக் கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள் என்று ஒரே கட்டடமாகக் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் அழுதார்கள். அக்கா அழவில்லை. திட்ட அலுவலகத்தில் வைத்திருந்த மாதிரிக் கட்டடத்தைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டைவிரல் உயர மரங்களும் மனிதர்களும் நின்றார்கள். அக்கா மூலைக் கடைக்கு நேராகக் கண்ணாடியில் விரலை வைத்தார். "இதுடா. பலகை போடறேன். பச்சை எழுத்து." விரல் வைத்த இடத்தில் ஈரம் படிந்தது. அங்கே இருந்த பெண் உடனே துணி எடுத்து வந்து துடைத்தாள்.

விதி இதுதான். வீடுகளுக்கு ஆள் குடியிருந்தாலே போதும், புது வீடு உண்டு. கடைக்கு அப்படியில்லை. சோதனைக்கு அதிகாரி வரும் நாளில் கடை நடந்துகொண்டிருக்க வேண்டும். நடந்தால் கீழே ஒரு கடை. மூடிக் கிடந்தால் சாமான் ஏற்ற வண்டிச் செலவு, அவ்வளவுதான். மற்ற கடைக்காரர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். மூன்றாவது கட்டடத்தில் கடைசியாக நின்ற கடை லாண்டரி மட்டும்.

சோதனைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது கட்டுமான கம்பெனியின் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். தன்மையான ஆள். "மூணாம் பிளாக் மெயின் வால்வு எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியுமாமே? கொஞ்ச நாள் மூடி வைங்க. ரிப்பேர்னு சொல்லிக்கலாம். புது பில்டிங் மெயின்டனன்ஸ் உங்க கைலதான்."

எதற்கென்று எனக்கு விளங்கவில்லை என்று எழுத ஆசைதான். விளங்கியது. நான் ஏதாவது கேட்டேனா? "எப்பலேருந்து?" என்று மட்டும் கேட்டேன்.

அன்று மத்தியானம் இரண்டு மணி. மாடிப்படிக்கு அடியில் உடைந்த சிமெண்ட் பலகை, அதற்குக் கீழே இரும்பு மூடி, அதற்குள் வால்வு. நான் வைத்த வால்வு, சாவியும் என்னிடம்தான். பதினேழு சுற்று. சுவருக்கு அந்தப் பக்கம் கிழவன் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது சுற்றில் சத்தம் மெலிந்தது. பதினேழில் நின்றது.

கால் மணி நேரத்தில் போன் வந்தது. "டேய் ரெஞ்சு, தண்ணி நின்னுபோச்சு. சீக்கிரம் வா. சோப்போட கெடக்குதுடா துணி."

போனேன். வேறு என்ன சொல்லித் தப்பிப்பது? பையைத் திறந்து பரப்பினேன். குழாயைக் கழற்றினேன், ஊதினேன், பைப்பைத் தட்டிக் காது வைத்துக் கேட்டேன். மேசைக்கு அடியில் இருட்டு. "அக்கா, டார்ச் பிடிங்க" என்றேன். முட்டி வலிக்காரர், குனிந்தபடி அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். புது டேப் சுற்றிக் குழாயைத் திரும்ப மாட்டினேன். "மெயின் லைன்ல அடைப்பு அக்கா. நம்ம கைல இல்ல. அவனுங்க வந்துதான் தோண்டணும்."

"நீ சொன்னா சரிதான்" என்றார்.

அப்போதும் கடை தப்ப ஒரு வழி இருந்தது. இரண்டாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்கு விதிகளெல்லாம் தலைகீழ்ப் பாடம். மறுநாள் தாளும் பேனாவுமாக இறங்கி வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன், நிலவரம் பார்க்க வந்தவன்போல.

"இது அடைப்பு கிடைப்பெல்லாம் இல்லம்மா. வேணும்னே நிறுத்தியிருக்கானுங்க. அப்படின்னு எழுதிக் குடுத்தா கடைச் சோதனையை ஒரு மாசம் தள்ளி வைக்கணும், அது ரூல். கடைக்காரங்க கையெழுத்துதான் வேணும். போடுங்க."

அக்கா பேனாவை வாங்கவில்லை. "தெரியாம ஒருத்தர் மேல பழி போடலாமாண்ணே? ரெஞ்சு கழட்டிப் பாத்துட்டான். அடைப்புதான்."

"அவன் என்ன கடவுளா?"

"கடவுள் வந்தா என் மேசைக்கு அடியில படுத்துப் பாப்பாரா? இவன் பாத்தான்."

தபால்காரர் என்னைப் பார்த்தார். நான் கிழவனின் செங்கலைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து மாடி வீட்டுக்காரர்கள் தெருமுனைக் குழாயிலிருந்து குடங்களில் தண்ணீர் சுமந்தார்கள், அக்கா கேன்களில் சுமந்தார். கையால் துவைத்தார். ஒரு லாட்ஜுக்கு எண்பது விரிப்பு. நாலாம் நாள் இரண்டு லாட்ஜ்கள் மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டன. ஆறாம் நாள் மிச்சம் மூன்றும். நானும் சில கேன் தூக்கிக் கொடுத்தேன். அதற்கும் நன்றி சொன்னார். எட்டாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்தார். ஷட்டரை இறக்கிவிடச் சொன்னார். இறக்கியதும் நான்தான்.

பதினோராம் நாள் காலை அதிகாரி வந்தார். இறங்கிக் கிடந்த ஷட்டரைத் தட்டக்கூட இல்லை. 'மூடப்பட்டுள்ளது' என்று எழுதி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் பதினேழு சுற்றையும் திறந்தேன். பலகையை மூடுவதற்குள் போன்.

"டேய், தண்ணி வந்துருச்சுடா! நீதானே ஏதோ ஆளைப் பிடிச்சு பண்ணின? நல்லா இருடா. இனிமே வந்து என்ன பிரயோஜனம்னு கேக்காத. உன்னால ஆனத நீ செஞ்ச."

இந்த வார்த்தையை நான் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதுக் கட்டடத்தின் மூலைக் கடையில் இப்போது காசு போட்டால் ஓடும் துவைக்கும் மிஷின்கள் பன்னிரண்டு நிற்கின்றன. பலகையில் நீல எழுத்து. அடைத்துக்கொண்டால் சரிசெய்வது நான். அக்கா ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில் கூலிக்குத் துணி மடிக்கிறார். நாலு மாடி ஏறிப் போகிற ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்.

போன வாரம் அவரிடமிருந்து போன். அறைக் குழாய் சொட்டுகிறதாம். எழுதியவரைக்கும் இந்தத் தாள்களையும், பையையும், அரை இஞ்சு வாஷரையும் எடுத்துக்கொண்டு போனேன். "முதல்ல இதைக் கேளுங்கக்கா" என்று உட்கார்ந்து படித்தேன். அக்கா தன் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஒரு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்ப என்னை எதுக்குடா டார்ச் பிடிக்க வச்ச?"

பையைத் திறந்து வாஷரை எடுத்தேன்.

"குழாயை விடு. வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

வாஷரை மட்டும் அலமாரி மேல் வைத்தேன்.

"அதையும் எடுத்துக்க."

எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்று, இதை மலருக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"குடு. எனக்கென்ன? கை சுத்தம்னு நான் சொன்னேன்ல, அதை மட்டும் அடிச்சிடு."

சரி என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியை அடித்தால், நான் எதைக் கெடுத்தேன் என்பது படிக்கிறவருக்குத் தெரியாது. அடிக்கவில்லை. இதையும் அக்காவைக் கேட்காமல்தான் செய்திருக்கிறேன்.