பணிமனை போர்டு போட்ட பஸ் என் மனைவிக்காக நின்றது

மைத்துனன் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று போன ஞாயிறன்று பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனார் ஊருக்குப் போயிருந்தோம். போன கதையில் ஒன்றுமில்லை, சாப்பாடு பிரமாதம். எழுத வேண்டியது திரும்பிய கதையைத்தான்.

தருமபுரியில் ஏழு மணிக்குச் சென்னை பஸ், முன்பதிவு செய்திருந்தோம். பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரி இருபது கிலோமீட்டருக்குள்தான், டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மைத்துனன் கார் சொல்கிறேன் என்றான். "பஸ்லயே போயிக்கறோம்" என்று வீராப்பு பேசியது நான்தான். ஐந்தரைக்கே ஸ்டாப்பில் நின்றோம்.

முதலில் வந்த பஸ்ஸில் ஊர்ப் பலகையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். டிரைவர் கையை வெளியே நீட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எதிர்ப்பக்கம் வரச் சொல்கிறார் என்று நினைத்து, பையோடு சாலையைக் கடந்து ஓடினேன். பஸ் பாட்டுக்குப் போய்விட்டது.

"எங்கண்ணா ஓடறீங்க? அவருதான் கையை விரிச்சுட்டாரே!" என்றார் டீக்கடைக்காரர். "டெப்போவுக்குப் போற வண்டிங்க அது. போர்டை நம்பாதீங்க. கண்டக்டர் முன்னாடி சீட்ல கால நீட்டி உக்காந்திருந்தா, அந்த வண்டி ஏத்தாதுங்க."

ஸ்டெல்லா, என் மனைவி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கட்டிய புருஷன் நடுரோட்டில் ஓடினால் சிரிக்க வேண்டியதுதான்.

ஆறு மணி தாண்டியது. அடுத்த பஸ்ஸில் 'பணிமனை' என்றே எழுதியிருந்தது. உள்ளே காலி, கதவு மூடியிருந்தது, கண்டக்டர் முன் சீட்டில். இப்போது நான் நிபுணன் ஆயிற்றே! "இது நிக்காது, கையை நீட்டாத" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் நீட்டவே இல்லை, சும்மா நிமிர்ந்து பார்த்தாள். எங்களைத் தாண்டிப் போன பஸ் சடாரென்று நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஸ்டெல்லா! நீயா? ஏறு, ஏறு!"

"டேய் சவரி! காக்கிச் சட்டையில அடையாளமே தெரியலடா!"

டேய்! கல்யாணமாகி மூன்று வருடம். என்னிடம் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை. சண்டையில்கூட "போங்க" தான். ஒரு நாள் 'டா' சொல்லிப் பார் என்று கெஞ்சியிருக்கிறேன். "சீ, உங்களப் போயி!" என்று முகத்தைச் சுளித்தாள்.

கூடப் படித்தவனாம். எஞ்சினுக்குப் பக்கத்து சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கண்டக்டர் பின்னால் வந்து என் அருகில் உட்கார்ந்தார். "இவரு யாருக்கும் நிறுத்த மாட்டாருங்க சார். ஒருக்கா எங்க மாமியாருக்கே நிறுத்தல" என்றார். நல்ல மனுஷன், ஆனால் அதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்? முன்னால் இருவரும் யாரோ கணக்கு வாத்தியாரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது, எழுதுவதற்கு என்ன வெட்கம்?

சவரி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும். இறக்கிவிடும்போது, "பாத்துப் போங்க சார். வாரத்துல ஒரு நாளு ஸ்டெல்லாவ அவங்க அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசச் சொல்லுங்க" என்றான். அதுவும் நியாயம்தான்.

சென்னை பஸ் கிடைத்தது. கிருஷ்ணகிரி வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன்.

"அவனா? அவங்க வூட்ல என்னைப் பொண்ணு கேட்டு வந்தாங்க. அப்போ அவன் வேலையில்லாம இருந்தான். எங்கப்பா வேணாம்னுட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னை யாருங்க கேட்டா?" என்று சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கப் போனாள்.

நான் பெண் பார்க்க வந்தபோதாவது கேட்டார்களா? நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஞாயிறு மாலை டவுன் பஸ்ஸை நம்பினால் இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பலகையைப் பார்க்காதீர்கள், கண்டக்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். டிரைவர் கையை விரித்தால் ஓடாதீர்கள். அதையும் மீறி பணிமனை பஸ் நின்றால், பேசாமல் ஏறிக்கொள்ளுங்கள். ஏன் நின்றது என்று மட்டும் மனைவியிடம் கேட்காதீர்கள்.