ஏழாம் நம்பர் செல்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில், வெயில் காலத்தில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் டார்ச் செல்களும் காயும். மிளகாய் அம்மாவுடையது, செல்கள் மாமாவுடையவை. தீர்ந்துபோன செல்லை வெயிலில் போட்டு எடுத்தால் இன்னும் கொஞ்ச நேரம் எரியும் என்பது அப்போது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. மாமா மட்டும் அதை ஆராய்ச்சியாக்கி நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இன்டர்மீடியட்டில் கோட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். சைக்கிள் சக்கரத்துக் கம்பியை அச்சாக வைத்து, பழைய ரேடியோவிலிருந்து பிரித்தெடுத்த செப்புக் கம்பியைச் சுற்றி, ஒரு பலகையில் மோட்டார் செய்திருந்தார். ஒரே ஒரு செல் போதும், அச்சில் செருகிய ஓலை விசிறி விர்ரென்று சுற்றும். ஓட வைப்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. ஒரு செல்லில் எத்தனை நிமிஷம் ஓடுகிறது என்பதுதான் அவருடைய கவலை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வது என் உத்தியோகம். அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதில் நாலு நிமிஷம் கூடியது. கம்பியை உரசிக்கொண்டிருந்த தகரத்தைக் கொஞ்சம் தளர்த்தியதில் இன்னும் ஆறு நிமிஷம். “கரண்டு சூடாப் போகுது, பொறியாப் போகுது, சத்தமாப் போகுது. சுத்துறதுக்குன்னு மிச்சம் கொஞ்சம்தான் பாப்பா” என்பார் மாமா. எனக்கு ஒன்றும் புரியாது. இத்தனை இடத்துக்குப் போகிற கரண்டு ஏன் கண்ணில் படவில்லை என்று பலகைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்ப்பேன்.

அப்பாவுக்குத் திருச்சி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. மணப்பாறையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் மளிகைக் கடைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். மாமாவுக்கோ திருச்சியிலேயே ஒரு வருஷம் எலக்ட்ரிக் வேலை படிக்க ஆசை. ஒருநாள் சாப்பிடும்போது அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், தீர்ந்துபோன செல்லிலேயே தன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடும் என்று சொல்லிவிட்டார். அப்பா சோற்றில் மோர் ஊற்றியபடியே, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடினால் படிக்க வைப்பாராம். நின்றுபோனால் மறுநாளே மணப்பாறை பஸ். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

காய வைத்த செல் எதுவும் அதுவரை நாற்பது நிமிஷத்தைத் தாண்டியதில்லை. கடிகாரம் பார்த்தவளுக்குத் தெரியாதா? எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். அவர் இல்லாத வீட்டை நினைத்தாலே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் டார்ச்சைத் திறந்து, முந்தின நாள்தான் போட்டிருந்த புதுச் செல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அன்றைக்கு ஓட்டுவதற்கென்று தட்டில் தனியாகக் காய்ந்துகொண்டிருந்த மாமாவின் செல்லை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். பழையதைக் கொண்டுவந்து டார்ச்சுக்குள் போட்டு மூடினேன். இரண்டும் ஒரே கம்பெனி, மேலே ஒரே நிறக் காகிதம். மாமா தன் செல் ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் ஒரு நம்பர் கீறி வைப்பார் என்பதை நான் கவனித்ததே இல்லை.

பத்து மணிக்கு மோட்டார் ஓட ஆரம்பித்தது. அப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அதைப் படிக்காமல் உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிஷம் போயிற்று, ஒரு மணி நேரம் போயிற்று, விசிறி சளைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனதும் அப்பாவே போதும் என்றார்.

“பரவாயில்லையே தம்பி. நாளைக்கே போய்ச் சேர்ந்துடு.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயசம் வைக்கப் போனாள். மாமா சிரித்துக்கொண்டே செல்லைக் கழற்றினார். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அப்பாவை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாப்பாடு ஆனதும் அப்பா வழக்கம்போல டார்ச்சைச் சோதித்தார். விடியற்காலையில் தொட்டியத்திலிருந்து வாழைத்தார் லாரி வரும், அதற்கு வெளிச்சம் வேண்டும். கட்டிலுக்கு அடியில் அடித்துப் பார்த்தார், வெளிச்சம் அழுது வடிந்தது. செல்களை உள்ளங்கையில் சாய்த்தார். ஒன்றின் அடியில் ஏழு என்று கீறியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா செல்களைத் திரும்பப் போட்டு மூடிவிட்டு, என்னைக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சாயங்காலம் காபி குடிக்கும்போது மாமா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “வேணாங்க அத்தான். நான் மணப்பாறைக்கே போறேன்.”

அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, “உன் இஷ்டம் தம்பி” என்றார்.

அம்மா இரண்டு பேரையும் பிடித்துக் கத்தினாள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜெயித்தவர் எதற்காகப் போகிறார்? சொன்ன சொல் தவறாத அப்பா ஏன் தடுக்கவில்லை? புதுச் சம்பந்திகள் மாதிரி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அத்தனை மரியாதையாக நடந்துகொண்டார்கள். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. மாமா செல்லைத் திருடி ஜெயித்தார் என்று அப்பாவும், அப்பா இரக்கப்பட்டுத் தன்னை ஜெயிக்க வைத்தார் என்று மாமாவும் நினைத்துக்கொண்டார்கள் என்பதும், ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதும் எனக்குப் பிடிபடும்போது என் பிள்ளையே ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அப்போது அப்பா இல்லை.

திங்கட்கிழமை அம்மாவும் நானும் மாமாவை பஸ் ஏற்றிவிடப் போனோம். அம்மா பழம் வாங்க நகர்ந்த சமயம் பார்த்து, மாமா ஜன்னல் வழியாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“பாப்பா, நேத்துக் காலையில அப்பா மாடிக்கு வந்தாங்களா?”

வந்தார்தான். துவைத்த வேட்டியைக் கொடியில் போட வந்தார்.

“வந்தாங்க மாமா.”

மாமா தலையை ஆட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதற்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்லிவிட்டேன் என்ற சந்தோஷத்தில், பஸ் கண்ணுக்கு மறையும் வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.