விளைமீன் முள்

மிருக வைத்தியரின் மேசையைச் சுற்றி அன்று நின்றவர்கள் நான்கு பேர்: வைத்தியர், பூனையைத் துணியால் சுற்றிப் பிடித்திருந்த அவருடைய உதவியாளர், அம்மா, நான். அப்பா வரவில்லை, கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். அக்காவும் இல்லை. பதினைந்து வருடங்களுக்கு முன் அந்தப் பூனையைப் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். இப்போது பிரான்சில் இருக்கிறாள். பூனைக்குச் சுகமில்லை என்பதையே நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

வைத்தியர் பூனையின் வாயைத் திறந்து டோர்ச் அடித்தார். தேட வேண்டியிருக்கவில்லை. மேல் அண்ணத்தின் குறுக்கே, ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்வரை, ஒரு மீன்முள் இறுகிக் கிடந்தது. சுற்றியிருந்த சதை கறுத்து அழுகியிருந்தது. சின்னக் குறடொன்றால் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"எத்தினை நாளாச் சாப்பிடேல்லை?"

"பதினேழு நாள்," என்றார் அம்மா. "கொஞ்சம் பால் நக்கும். அவ்வளவுதான்."

"பதினேழு நாளோ? ஏனம்மா இவ்வளவு நாள் வைச்சிருந்தனீங்கள்?"

நான் வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "நாங்கள் படியாத ஆக்கள், டொக்டர். எங்களுக்கு விளங்கேல்லை."

வைத்தியர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். நான் அப்படியே அலுவலகம் போகும் நினைப்பில் நீளக்கைச் சட்டை போட்டு, கழுத்தில் அடையாள அட்டையும் தொங்கவிட்டிருந்தேன். பஞ்சில் மருந்து தோய்த்துப் புண்ணைத் துடைக்கத் தொடங்கினார்.

எங்கள் வீடு பருத்தித்துறையில், கடலிலிருந்து நாலு வீடு தள்ளி. அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வைக்கத் தெரியும். அக்கா சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தினாள். பல்கலைக்கழகம்வரை போனவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டுக்கு வரும் எந்தக் கடுதாசியும் என் கைக்கு வந்துதான் மற்றவர்களுக்குப் போகும். மின்சார பில், அப்பாவின் கிளினிக் கொப்பி, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுக் கடுதாசி, எல்லாவற்றையும் நான் வாசித்துச் சொல்வேன். நான் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

பூனைக்குப் பெயர் கிடையாது. காலையில் அம்மா மீன் வெட்டும்போது சட்டி விளிம்பில் கத்தியால் இரண்டு தட்டுத் தட்டினால் எங்கிருந்தாலும் வந்துவிடும். கடைசி இரண்டு வருடமாகக் காது மந்தம். ஆனாலும் அந்தத் தட்டு மட்டும் எப்படியோ கேட்கும். அம்மா அதைக் கிழவி என்பார். மதிலில் ஏற முடியாமல் போனபின் அதற்கென்று அடுப்படி வாசலில் இரண்டு கல் வைத்துப் படி கட்டிக் கொடுத்தது அப்பா.

சட்டி தட்டியும் அது வராத முதல் நாள் அம்மா சிரித்தார். "கிழவிக்கு எடுப்புக் கூடிப்போச்சு." மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. பூனை மீன்தலையை மணந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. எச்சில் வடிந்தது. வாயிலிருந்து கெட்ட மணம் வந்தது. நான் தொலைபேசியை எடுத்து ஆங்கிலப் பக்கங்களாகத் தேடி வாசித்தேன். வயதான பூனை, வாய் மணம், எச்சில், மெலிவு. எல்லாம் பொருந்தி வந்தது.

"கிட்னி," என்றேன். "வயசு போன பூனையளுக்கு வாறதுதான். மாத்தேலாது. மீனைக் குறைச்சு வேறை சாப்பாடு குடுக்கவேணும்."

அப்பா வாசலில் குந்தியிருந்தார். பூனை முன்காலால் கன்னத்தை விறாண்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, உது முள்ளு மாதிரிக் கிடக்கு. வாய்க்குள்ளை ஒருக்காப் பாப்பம்."

"முள்ளெண்டால் ரெண்டு நாளிலை தானாப் போயிடும், அப்பா. நான் வாசிச்சுப்போட்டுத்தான் சொல்லுறன். வாயைத் திறக்க வெளிக்கிட்டுக் கடி வாங்காதேங்கோ."

அப்பா தன் உள்ளங்கையில் ஏறிய தூண்டிலைத் தானே கழற்றியவர். முள்ளும் தூண்டிலும் எப்படிச் சதைக்குள் நிற்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க எந்தப் பக்கமும் தேவையில்லை. ஆனால் அவர் இரண்டாம் தரம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு எதையும் யாரும் இரண்டாம் தரம் சொல்வதில்லை.

நான் யாழ்ப்பாணம் போய்ப் பூனைத்தீன் வாங்கி வந்தேன். கோப்பையில் கொட்டியபோது கலகலவென்று சத்தம் கேட்டது.

"கோழித்தீன் மாதிரியெல்லோ கிடக்கு," என்றார் அப்பா. "கடக்கரையிலை பிறந்த பூனைக்குக் கோழித்தீனோ?"

அம்மா அவரை அடக்கினார். "சும்மா இருங்கோ. அவன் படிச்சவன். தெரியாமலோ சொல்லுறான்?"

பூனை ஒரு உருண்டையை வாயில் எடுத்தது. அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டுத் துப்பிவிட்டுக் கல்லடுப்புக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தையும் நான் கிட்னியின் கணக்கில்தான் சேர்த்தேன்.

பதினேழாம் நாள் காலையில் எச்சிலில் இரத்தம் வந்தது. அம்மா என்னைக் கேட்கவில்லை. மீன் போடும் வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் பழைய சீலையொன்றை விரித்துப் பூனையை வைத்தார். வாசலில் ஓட்டோ வந்து நின்றபிறகுதான் எனக்கே தெரியும். "மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போறன். வாறதெண்டால் வா," என்றார்.

அந்த முள்ளை அம்மா கடுதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"விளைமீன்," என்றார்.

எங்கள் வீட்டில் விளைமீன் சமைப்பதில்லை. அது விற்கிற மீன். அந்த மாதம் ஒரேயொரு நாள்தான் அப்பா விற்காமல் கொண்டுவந்தார். என் நியமனக் கடிதம் வந்த அன்று. பெரிய தலையைப் பூனைக்குப் போடச் சொன்னவன் நான். அதுவும் சாப்பிடட்டும் என்று.

முள் போனபிறகு பூனை சாப்பிட விரும்பியது. அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. அப்பா சின்னத் திரளி மீனை அவித்து, முள்ளில்லையென்று விரலால் தடவித் தடவிப் பார்த்து, மசித்து ஊட்டினார். இரண்டு வாய் விழுங்கியது. அதற்குமேல் உடம்பு ஏற்கவில்லை. பூனைகள் இவ்வளவு நாள் பட்டினி கிடந்தால் ஈரல் தாங்காது என்று வைத்தியர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நாலாம் நாள், அம்மா சட்டி தட்டிய நேரம், தலையைத் தூக்கப் பார்த்தது. மத்தியானம் செத்துவிட்டது.

அன்று பின்னேரம் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, மூன்று கிழமையாகச் சாப்பிடாமல் கிடந்து பூனை செத்ததைச் சொன்னேன். அழுது முடித்துவிட்டு, "ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?" என்றாள். "காசில்லாமலோ இழுத்தடிச்சனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பன்தானே."

"காசுப் பிரச்சினை இல்லை அக்கா. என்னாலைதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சொன்னதையும், நான் வாசித்ததையும், வைத்தியருக்கு முன்னால் அம்மா சொன்னதையும்.

"சரி," என்றாள். "ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு முடிஞ்சது? அதையெண்டாலும் நான் அனுப்பிறன்."

"அது கவண்மேந்து ஆஸ்பத்திரி, காசொண்டும் எடுக்கேல்லை. ஓட்டோவுக்குத்தான். போக வர எண்ணூறு ரூபா."