‘இருக்கட்டும்’ என்று யாரும் சொல்லவில்லை

மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது கலாவதியின் தம்பி போன் செய்தான். “அண்ணா, அக்கா போயிட்டாங்க” என்றான். எந்த அக்கா என்று கேட்டேன், மடையன். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு, மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நம் நாடகக் குழுவினரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டம் முடிந்த கையோடு, கலா இல்லாமல் நாடகத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று கேட்டேன். நிறுத்தலாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் கை தூக்கினீர்கள். தொடரலாம் என்று எழுந்தது என் கை மட்டும்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்லித் தீர்க்கிறேன். அந்த நாடகத்துக்கு மேடை கிடையாது. கூடம் முழுவதும் ஒரு அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்டம். பார்க்க வந்தவர்கள்தான் வீட்டு உரிமையாளர்கள். ராத்திரியெல்லாம் கத்தும் நோயாளித் தாயோடு அங்கே வாடகைக்கு இருப்பவள் கலா. அவள் இருக்கலாமா, காலி பண்ண வேண்டுமா என்று அவர்கள் கை தூக்கிச் சொல்வார்கள். சொன்னபடிதான் நாடகம் முடியும். ‘இருக்கட்டும்’ என்று ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று கலாவுக்கு அப்படி ஒரு ஆசை. அந்த முடிவுக்கான வசனத்தையும் பாடம் பண்ணி வைத்திருந்தாள்.

மல்லேஸ்வரத்தில் நடந்த ஆட்டத்தில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே, காலி பண்ணட்டும் என்று கை தூக்கினார். முடிந்ததும் ஓடிவந்து கலாவைக் கட்டிக்கொண்டார். “என்னம்மா பண்றது, நாங்களும் தூங்கணுமே” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே காபி குடிக்கும்போது, “அடுத்த தடவை கையை எண்றப்போ கணக்கை மாத்திச் சொல்லிடறேன்” என்றேன். கலா டம்ளரை டக்கென்று வைத்தாள்.

“நீயே முடிவு பண்றதா இருந்தா அவங்களை எதுக்குக் குமாரு கூப்பிடறே? உட்கார வெச்சுக் கதை சொல்லு, போ.”

காபியைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

சந்தாபுராவில் நிச்சயம் ஜெயிப்போம் என்று நம்பினோம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். அங்கேயும் காலி பண்ணட்டும் என்றுதான் கைகள் எழுந்தன. “நீங்களுமா?” என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “எங்களை யாரு சார் இருன்னு சொன்னாங்க? நாங்களும் சாமானைத் தூக்கிட்டு வந்தவங்கதானே” என்றாள்.  கலா நாடகத்தின்படியே பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினாள்.

வண்டியில் திரும்பும்போது, “அந்தப் பொண்ணுக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்லப்பா” என்றாள். “ஆனா கேட்டுட்டோம்ல. கேட்டா அவங்க சொன்னபடி நடக்கணும்” என்றாள். அதுதான் அவளுடைய கடைசி ஆட்டம்.

என்றாவது ஒரு ஊர் ‘இரும்மா’ என்று சொல்லும், அந்த வசனத்தை வேறு யாராவது பேசட்டும் என்றுதான் நான் அடம்பிடித்தேன். நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்கள். இயக்குநர் என்ற அதிகாரத்தில் உங்களை மீறியிருக்கலாம். முடியவில்லை. நேற்று, அடுத்த ஆட்டத்துக்குப் பேசி வைத்திருந்த அத்திபெலே ஹால்காரருக்குப் போன் பண்ணி, ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சார் என்று கேட்டார். “எங்க ஆளுங்க வேண்டாம்னுட்டாங்க” என்றேன்.

நீங்கள் சொன்னதற்குக் கட்டுப்படுகிற இந்தப் புத்தி ஒன்றுதான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. எனக்கு வேண்டாம் கலா, நீயே வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்றால், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.