பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

அந்தக் கறுப்புப் பெட்டியின் நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், தலைமேல் ஒரு முழம் சாமந்தி. ஒரு பக்கம் அக்கா வீட்டுக்காரரின் கார் சாவி, மறுபக்கம் அவர்கள் மகள் பாப்பாவின் படப் புத்தகங்கள், முன்னால் என்னுடைய தோசைத் திருப்பி. அமெரிக்க ஊரான பிளானோவில் அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அது உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அலங்காரம் என் கைவேலை. உள்ளே நடந்திருந்த நாசமும் என் கைவேலைதான். மறுநாள் காலைவரை அது சாமிக்குத் தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நான் தோசைக்கல் முன்னால் நிற்கும் ஓட்டல், டோல்வே என்கிற கட்டணச் சாலையின் ஓரத்தில், இந்திய மளிகைக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே சாப்பிட வந்த குடும்பம். நான் யாரிடமோ வாயாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அக்கா, "தம்பிக்கு ஈரோட்டுப் பக்கமா?" என்றார். "ஆமாங்க, பேச்சுலயே தெரியுதுங்களா?" என்றேன். "பேச்சு நிக்காததுல தெரியுது" என்றார். கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டு மாடி அறைக்கு வாடகைக்குப் போய்விட்டேன். நான் எட்டாம் வகுப்பை வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. அக்கா கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்து, ஒரு கல்லூரியில் பாடமும் நடத்தியவர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, கணவரின் விசாவில் வந்தவர் வேலைக்குப் போக முடியாது என்பதால் பல வருஷம் சும்மா இருந்தார். சும்மா என்பது அவருடைய வார்த்தை. சமையல், குழந்தை, துணி, பள்ளிக்கூடத்துக்கும் டாக்டருக்கும் கார் ஓட்டுவது, போதாக்குறைக்கு மாடியில் ஒரு கோமாளி, எல்லாம் அந்தச் சும்மாவுக்குள் அடங்கும்.

ஒருநாள் அவருக்கு வேலை பார்க்க அனுமதி அட்டை வந்தது. அக்கா அதை எல்லோருக்கும் காட்டவில்லை. ஒரே ஒரு காரியம் செய்தார். தனக்கென்று ஒரு கம்ப்யூட்டரைத் தானே கட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு பாகமாக அட்டைப் பெட்டியில் வாசலில் வந்து இறங்கும். சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாட்டுவார். நகத்தால் கூடக் கீறல் விழாமல், பச்சைக் குழந்தைக்குச் சட்டை போடுவது போல. "ரெடிமேடா வாங்குனா என்ன கேடு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "ரெடிமேடா ஒருத்தர வாங்கித்தான் பாத்தாச்சே" என்று சொல்லிவிட்டு அக்கா திருகாணியைத் திருகினார். நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டோல்வேயில் போகும்போது லெகசி என்கிற ஆபீஸ் பகுதியில் வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். அதில் ஒன்றிலிருந்து அக்காவுக்குப் பதில் வந்தது. முதலில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை. அது தேறினால் நேரில் கூப்பிடுவார்கள். அதற்கான மென்பொருளை அக்கா தன் கம்ப்யூட்டரில் போட்டு, கேமராவில் முகத்தையும் அறையையும் காட்டி, எல்லாம் சரி என்று அவர்களிடம் ஒப்புதல் வாங்கி வைத்திருந்தார். பிறகு வேறு கம்ப்யூட்டரில் எழுத முடியாது. எந்த நாள் என்று நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அக்கா விஜயதசமியைத் தேர்ந்தெடுத்தார். அன்றைக்குத் தொடங்கியது எதுவும் வீண் போகாது என்று நம்புகிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

பூஜையன்று எனக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்தது. அக்கா வாழை இலையும் பொரியும் வாங்கக் கிளம்பும்போது, "கம்ப்யூட்டரை வெளிய மட்டும் தொடச்சு வை தம்பி, உள்ள கை வைக்காத" என்றார். "சரிங்க அக்கா" என்றேன். நான் சரி என்று சொன்னால், காதில் விழுந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் அர்த்தம் எடுத்துக்கொள்பவர்கள் என்னைப் புதிதாகப் பார்ப்பவர்கள்.

ஓட்டலில் ஆயுத பூஜைக்குக் கிரைண்டரைச் சுத்தம் செய்வது எப்போதும் என் வேலை. வெளியே மட்டும் துடைத்துப் பொட்டு வைத்தால் அது பூஜையே இல்லை. கல்லைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப மாட்ட வேண்டும். அப்போதுதான் அடுத்த வருஷம்வரை மாவு ஏமாற்றாது. கிரைண்டருக்குச் செய்கிற மரியாதையைக் கம்ப்யூட்டருக்குச் செய்யாவிட்டால் எப்படி? அக்கா மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன் வேறு. எல்லாவற்றையும் கழற்றினேன். ஈரத்துணி கூடாது என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. இருந்த அறிவு அதோடு தீர்ந்துபோனது. காற்றாடிக்கு ஒரு பொட்டு, பெரிய பலகைக்கு ஒரு பொட்டு. மெமரி என்று அக்கா சொல்லும் இரண்டு மெல்லிய பட்டைகளின் ஓரத்தில் தங்கப் பற்கள் போல வரிசையாக மின்னியது. பொன் இருக்கிற இடத்தில்தானே லட்சுமி இருப்பாள். பார்த்துப் பார்த்து அங்கேயே சந்தனத்தைத் தடவினேன். திரும்ப மாட்டியபோது ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. கிரைண்டரில் எப்போதும் ஒன்று மிஞ்சும். எனவே இதை என் வாழ்நாள் சாதனை என்று நினைத்தேன்.

அக்கா வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "கலக்கிட்ட தம்பி" என்றார். உள்ளே கழற்றியதை நான் சொல்லவில்லை. பூ வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, புகைக்குக் கத்தும் கூரை அலாரத்துக்குக் கீழே நான் முறத்தை வீசிக்கொண்டிருந்தபோது அக்கா கையை நீட்டினார். "ஒருக்கா ஆன் பண்ணிப் பாத்துட்டு வச்சரட்டுமா? நாளைக்குப் பரீட்சை."

நான் முறத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "பூ போட்டாச்சுங்க அக்கா. பூஜைல வச்ச ஆயுதத்த அன்னைக்கே தொட்டா சரஸ்வதி எந்திரிச்சுப் போயிருவாங்க. காலைல ஆரத்தி காட்டிட்டு எடுத்துக்கலாம்."

எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் அவ்வளவு பற்று ஒன்றும் கிடையாது. ஓட்டலில் தீபாராதனை காட்டிய கையோடு கிரைண்டரில் மாவு போட்டவன்தான். ஆன் பண்ணுவதோடு விடாமல் மூடியையும் திறந்தால் கழற்றியது தெரிந்துவிடுமே என்று ஒரு சின்னப் பயம், அவ்வளவுதான். நீட்டிய கையை அக்கா மடக்கிக்கொண்டார். படித்தவர், அவருக்குத் தெரியாததா? ஆனாலும் அந்த வேலை அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. எந்தச் சாமியையும் எழுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரர் ஆபீஸ் லேப்டாப்போடு கிளம்பிப் போனார், பாப்பா பள்ளிக்குப் போனாள். அக்கா தலைக்குக் குளித்து, ஈரமுடியில் துண்டு கட்டியபடி ஆரத்தி காட்டி, பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். ஒன்றுமில்லை. ஒரு விளக்கு இல்லை, ஒரு முனகல் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினார். பின்பக்கம் இருக்கும் சுவிட்சைப் பார்த்தார், ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினார். நான் பக்கத்தில் நின்று, "காலைல எந்திரிக்க அதுக்கும் சோம்பல் போலங்க" என்றேன். அக்கா சிரித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்கிறது. அந்த நிமிஷத்திலும் நான் சொன்னதற்காகச் சிரித்தார்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. உள்ளே திருவிழா. "இதுக்கெல்லாம் யாரு பொட்டு வச்சது?" என்று மெதுவாகக் கேட்டார். "எல்லாத்துக்கும் உசுரு இருக்குங்கல்ல அக்கா" என்றேன். அக்கா விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். பெரிய பலகைக்கு மின்சாரம் தரும் தடித்த ஒயர் முழுதாக உட்காராமல் விளிம்பில் தொத்திக்கொண்டிருந்தது. அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. பொத்தானைத் தொட்டதும் காற்றாடிகள் சுற்றின. நான் கைகூடத் தட்டினேன். திரையில் மட்டும் படம் வரவில்லை. கறுப்பாகவே இருந்தது.

மெமரிப் பட்டைகளை உருவியபோது தங்கப் பற்களில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. பாப்பாவின் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து, எழுத்தை அழிப்பது போலத் தேய்த்தார். பட்டை சுத்தமானது. ஆனால் அது செருகும் குழிக்குள்ளும் தூள் இறங்கியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ், ஊதல், திரும்பச் செருகல், திரும்பக் கறுப்பு. பரீட்சை தொடங்கும் நேரம் வந்தது, கடந்தது. அக்கா போன் செய்தார். இங்கிலீஷில் பொறுமையாக ஏதோ சொன்னார். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டர் வேலைக்குக் கேட்பவர், தன் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று சொல்ல எப்படி இருந்திருக்கும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. திரையில் படம் வந்தபோது மதியமாகிவிட்டது. முகப்புப் படமாக வைத்திருந்த பாப்பாவின் பல் விழுந்த சிரிப்பு முழுத் திரையில் தெரிந்தது. "வந்துருச்சு பாரு" என்றார் அக்கா. தலையிலிருந்த துண்டு அப்போதும் அவிழ்க்கப்படாமலே இருந்தது.

வேறு நாள் தருகிறோம் என்றவர்கள் தரவில்லை. ஆள் எடுத்தாயிற்று என்று ஒரு மெயில் வந்தது. அதற்குப் பிறகு விண்ணப்பித்த இடங்களில் எல்லாம், இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்களாம். இப்போது ஒரு டேகேரில் வேலை பார்க்கிறார். "புள்ளைங்களுக்கு மூக்குத் தொடைக்கிறதும் ஒரு மெயின்டனன்ஸ்தானே" என்பார். அந்தக் கம்ப்யூட்டர் பாப்பாவின் அறைக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டபோது, "ஆன் ஆகலைங்க" என்று மட்டும்தான் அக்கா சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே முந்திக்கொண்டேன், என் வழியில். அடுத்த வாரம் ஒரு வீட்டு விருந்தில் எல்லோர் நடுவிலும் நின்று, தங்கப் பல்லுக்குச் சந்தனம் பூசிய கதையை நடித்துக் காட்டினேன். என் முட்டாள்தனத்தை நானே அவ்வளவு விரிவாகச் சொல்லும்போது யாரால் கோபப்பட முடியும்? வீட்டுக்காரரே கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், சில பிறந்தநாள்களுக்கும், "அந்தச் சந்தனக் கதைய எடுத்து விடுங்க" என்று கேட்பார்கள். சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறியது. கற்பூரம் உள்ளேயே கொளுத்தப் பார்த்தேன் என்று சேர்த்தேன். அக்கா கையை நீட்டியதையும் நான் தடுத்ததையும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த இடத்தில் சிரிப்பு வராது. சிரிப்பு வராத இடத்தை விட்டுவிடுவது என் தொழில் சுத்தம்.

இந்த வருஷமும் அக்கா வீட்டில்தான் கூடினார்கள். நான் கற்பூரம்வரை வந்து, வீடே சிரித்துக்கொண்டிருந்தபோது பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். பள்ளியில் ரோபோ செய்யும் குழுவில் இருக்கிறாள். கழற்றி மாட்டினால் முதலில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவளுக்குப் பழக்கம். "பட் மாமா, ஒய் டிட்ன்ட் யூ டெஸ்ட் இட்?" என்றாள். மாட்டியதும் ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறாள். இத்தனை வருஷத்தில் இத்தனை எஞ்சினியர்கள் கேட்டுச் சிரித்த கதை. ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

எனக்கு முன்னால் அக்கா பதில் சொன்னார். "பூஜைல வச்சதத் தொடக் கூடாது கண்ணு. நீ வடைய எடுத்துக்க."

என் வாயில் மூன்று பதில்கள் வரிசையில் நின்றன, மூன்றும் நல்ல பதில்கள். மூன்றையும் ஒதுக்கிவிட்டேன். "அம்மா பாக்கத்தான் சொன்னாங்க பாப்பா" என்றேன். "நாந்தான் வேண்டாம்னு தடுத்தேன். கழட்டுனது தெரிஞ்சுரும்னு."

இது எந்த இடத்தில் சிரிக்க வேண்டிய கதை என்று தெரியாமல் இரண்டு பேர் சிரித்துவிட்டு நிறுத்தினார்கள். யாரோ கிரிக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பாப்பா தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு நான் அடுப்பங்கரையில் வடைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா மிச்சப் பொரியை டப்பாவில் கொட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அதக் கழட்டுனது எனக்கு அன்னைக்கே வருத்தமில்ல தம்பி. நீ ஒவ்வொரு தடவ கத சொல்றப்பவும், அந்த எடம் வருதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நான் கைய நீட்டுன எடம். அது வராமத் தாண்டிப் போயிரும். சுத்தி எல்லாரும் சிரிப்பாங்க. சரி, நானும் சிரிச்சுருவேன்."

டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார். சட்டி எப்போதோ சுத்தமாகிவிட்டது. நான் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.