சட்டைப் பையில் அதிமதுரம்

துவைக்கப் போடுவதற்கு முன் அப்பாவின் காக்கிச் சட்டையை எடுத்து, அதன் இடப்பக்கப் பைக்குள் மூக்கை நுழைத்து முகர்ந்து பார்ப்பது பதினோரு வயதில் எனக்கு இருந்த ஒரு கெட்ட பழக்கம். டீசலும் வேர்வையும் முதலில் வந்து மூக்கில் அடிக்கும். அவற்றைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் அடியில் இன்னொரு வாசம் இருக்கும், மழை நனைத்த மண்ணில் யாரோ வெல்லத்தைக் கொட்டி வைத்தது போல. அது அதிமதுரத்தின் வாசம். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் பீடி வாசத்தோடு வீடு திரும்புகையில் என் அப்பா மட்டும் மிட்டாய்க் கடை வாசத்தோடு வருவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட இருந்தது.

அப்பா பஸ் டிரைவர். சேலத்திலிருந்து மலையேறி ஏற்காடு போய், அங்கிருந்து எங்கள் ஊரான வாழவந்தி வரை வருகிற பஸ் அவருடையது. அவருடையது என்றால் அவர் ஓட்டுவது என்று அர்த்தம். பஸ்ஸுக்கு முதலாளி வேறு ஒருவர் சேலத்தில் இருந்தார். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு நாளைக்கு ஆறு முறை ஏறி இறங்குகிற மனிதருக்கு அந்தப் பஸ் தன்னுடையது என்று தோன்றாமல் இருக்குமா? கீழே ஓட்டுகிறவர்களை அப்பா "சமதள டிரைவர்" என்றுதான் சொல்வார், நீச்சல் தெரியாதவர்களைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்.

அதிமதுரம் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஓர் இருமலால். அதற்கு முந்தைய வருடத்து மார்கழியில் பனி நெஞ்சில் இறங்கி அப்பா இருமிக்கொண்டே இருந்தார். இருமலுக்கு வாங்கிய டானிக்கை ஒரு மூடி குடித்துவிட்டு வண்டியை எடுத்தவருக்கு எட்டாவது வளைவில் இமை கனத்துவிட்டது. மலைச் சாலையில் கொட்டாவி விடுகிற டிரைவர் நாற்பது குடும்பத்துக்கு எமன் என்பது அவர் கொள்கை. மேலே வந்து சேர்ந்ததும் பாட்டிலைக் கொண்டுபோய் டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அப்போதுதான் கண்டக்டர் சின்னராசு மாமா நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு கட்டு அதிமதுர வேரை வாங்கி வந்து தந்தார்.

"ரெண்டு மூணு நாளைக்கு இத வாயில அடக்கிக்கிட்டு ஓட்டுங்கண்ணா. தூக்கமும் வராது, தொண்டையும் கேக்கும்" என்றாராம்.

கேட்டது. நாலாவது நாள் இருமல் போய்விட்டது. சின்னராசு மாமா சொன்ன மருந்தை நாங்கள் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டோம். கூடவே அவர் சொன்ன "ரெண்டு மூணு நாளைக்கு" என்பதைத்தான் மறந்துபோனோம். ஏனென்றால் இருமலோடு சேர்ந்து இன்னொன்றும் போயிருந்தது. வாயில் வேர் கிடந்ததால் அப்பாவுக்குப் பீடி தேவைப்படவில்லை. பதினைந்து வருடமாக அம்மா கெஞ்சியும் அழுதும் நடக்காததை ஒரு சுள்ளி நடத்திக் காட்டிவிட்டது. அம்மா அந்த நாட்டு மருந்துக் கடை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிடாத குறை. "அந்த வேரு நல்லா இருக்கோணும்" என்று அவள் வாழ்த்தியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

வேரை நறுக்கித் தருவது என் வேலையாயிற்று. காலையில் பாக்குவெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, வெளியே பழுப்பும் உள்ளே மஞ்சளுமாக இருக்கும் அந்தக் குச்சியை ஒரு விரற்கணு நீளத்துக்கு நறுக்கி, காலியான தைல டப்பா ஒன்றில் போட்டு, அப்பாவின் பையில் நானே வைப்பேன். நறுக்கும்போது தெறிக்கிற தூள் எனக்கு. முதலில் ஆறு துண்டு. மழைக்காலத்தில் எட்டு. பிறகு அப்பா "தல பாரமா இருக்குது கண்ணு" என்று சொன்ன ஒரு நாளில் பத்து. செருப்பு வார் இறுக்குகிறது, பாதம் வீங்கியிருக்கிறது என்றதும் பன்னிரண்டு. "கை ஓஞ்சு போகுது சாமி" என்று அவர் சோர்ந்து உட்கார்ந்த நாளில், பாவம் அப்பா என்று பதினைந்தாக்கினேன். அவர் சோரச் சோர நான் கூட்டினேன். நான் கூட்டக் கூட்ட அவர் சோர்ந்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் என் உயரத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அதைத் தினமும் படித்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். அது தீபாவளிப் பலகாரத்தைப் பற்றியது என்பது என் எண்ணம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், சேலத்துக்குப் போய்விட்டு அப்பாவின் பஸ்ஸிலேயே மேலே வந்துகொண்டிருந்தேன். டிரைவர் மகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் இன்ஜினை மூடியிருக்கும் "பேனட்". குளிருக்கு அதைவிடச் சுகமான இருக்கை உலகத்தில் கிடையாது. பதினேழாவது வளைவில் அப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார், பாதி வந்தது, மீதி வரவில்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன். பிரேக்கை மிதித்து, வண்டியை மலைச்சுவர்ப் பக்கமாகவே அணைத்து நிறுத்தினார். சின்னராசு மாமா குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். "கையில தெம்பு இல்ல சின்னராசு" என்று அப்பா சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. ஆட்கள் இறங்கிப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். ஒருவரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் முதலாளி அனுப்பிவைத்தார். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்து, அது இறங்கும்வரை மலையில் ஓட்டவே கூடாது என்று எழுதிவிட்டார் அவர். அப்பாவுக்கு ஷெட்டில் வண்டி கழுவுகிற வேலை. இரண்டு வாரத்தில் அழுத்தம் இறங்காவிட்டால் சமதள ரூட்டுக்கு நிரந்தரமாக மாற்றிவிடுவதாக முதலாளி சொல்லி அனுப்பினார். அப்படி மாற்றினால் சேலத்துக்குக் குடிபோக வேண்டும். அம்மாவின் எஸ்டேட் வேலை போகும், என் பள்ளிக்கூடம் போகும், வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு பலா மரமும் நாலு மிளகுக் கொடியும் யாருக்கோ போகும். அப்பா மாத்திரையை மணி பார்த்துப் போட்டுக்கொண்டு, கூடவே வேரையும் மென்றுகொண்டிருந்தார்.

இரண்டாவது முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது காப்பிப் பழம் பறிக்கிற நேரமாதலால் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன். அழுத்தம் இறங்கவே இல்லை. டாக்டரம்மா கருவியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா" என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லவில்லை. எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். என்ன எழுதப் போகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. எழுதும்போது அவருக்கு இருமல் வந்தது. ஒருமுறை, இரண்டுமுறை, பேனாவைப் பிடிக்க முடியாமல் இருமினார். எனக்கு மனம் கேட்கவில்லை. அப்பாவின் பையில் கைவிட்டு டப்பாவை எடுத்துத் திறந்து, நல்ல தடித்த துண்டாகப் பார்த்து நீட்டினேன்.

"இதென்ன பாப்பா?"

"அதிமதுரமுங்க. வாயில போட்டுக்கங்க, நிக்கும். எங்கப்பா நாள் பூரா இதத்தான் போடுவாரு. நாந்தான் வெட்டிக் குடுப்பேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"பதினஞ்சுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். ஒரு வருடம் ஆகிறது என்று அப்பா சொன்னார். "போன தடவையே கேட்டேனே, வேற மருந்து உண்டான்னு" என்றார் டாக்டரம்மா.

"அது மருந்தில்லீங்களே. வேருதானுங்க" என்றார் அப்பா.

"இருமலை நிறுத்துச்சா இல்லையா? அப்ப அது மருந்துதான்" என்றவர், அன்று காத்திருந்தவர்களை மறந்து எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். இருமலுக்கு இரண்டு மூன்று நாள் சிறு துண்டு ஒன்றை அடக்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மாதக்கணக்கில் இப்படித் தின்றால் அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியம் என்கிற சத்தை வெளியேற்றிவிடும். அழுத்தம் ஏறும், கால் வீங்கும், கை கால் ஓய்ந்துபோகும். அழுத்தம் உள்ளவர்களும், இருதயம், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே கூடாது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் குறைந்துதான் இருந்தது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அழ ஆரம்பித்திருந்தேன். ஆறை எட்டாக்கியதும் எட்டைப் பதினைந்தாக்கியதும் நான்தானே. டாக்டரம்மா என்னை அருகில் இழுத்துக்கொண்டு, "எனக்கு இருமுதுன்னு நீ எடுத்துக் குடுத்ததாலதான் எனக்கே தெரிஞ்சுது. அழாத" என்றார். அப்பாவிடம் புதிதாகச் சில மருந்துகளை எழுதிக் கொடுத்து, வேரை இன்றோடு நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். முதலாளிக்கு எழுதிக்கொண்டிருந்த சீட்டை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

அன்று பயணிகளாக உட்கார்ந்து மலையேறினோம். டப்பாவை ஜன்னல் வழியாக எறியப் போனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "வேரு மேல என்ன கோவம் கண்ணு? அது இருமல நிறுத்துச்சு, பீடிய நிறுத்துச்சு. எப்ப நிறுத்தோணும்னு தெரியாதது நானு" என்றார்.

அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறொரு பயம் குடியேறியது. "ஏனுங்க, வேர விட்டா அந்த எடத்துல பீடி வந்து ஒக்காந்துக்குமேங்க" என்று அம்மா புலம்பினாள். என் கெட்ட பழக்கத்துக்கு அப்போதுதான் ஓர் உத்தியோகம் கிடைத்தது. தினமும் சாயங்காலம் அந்தப் பையை முகர்ந்து பார்த்து அம்மாவிடம் தகவல் சொல்ல வேண்டும். முதல் வாரம் அதிமதுர வாசம் மிச்சமிருந்தது. இரண்டாம் வாரம் வெறும் டீசல். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் புதிதாக ஒன்று மூக்கில் ஏறியது. பயந்துகொண்டே கையை விட்டுப் பார்த்தால், காய்ந்து சுருண்ட ஆரஞ்சுத் தோல். பீடி நினைப்பு வரும்போதெல்லாம் அதைக் கிள்ளி முகர்ந்துகொள்கிறாராம். அம்மா அன்று கேட்காமலே எனக்குப் பணியாரம் சுட்டுத் தந்தாள்.

ஒரு மாதத்தில் கால் வீக்கம் வற்றி, அழுத்தம் இறங்கி, பிறகு மாத்திரையும் நின்றது. தை மாதக் கடைசியில் அப்பா மறுபடியும் மலையேறினார். நான் பேனட் மேல் இருந்தேன். பதினேழாவது வளைவில் ஸ்டியரிங் ஒரே இழுப்பில் முழுதாகச் சுற்றி வந்தது. தேவையே இல்லாத இடத்தில் சின்னராசு மாமா இரண்டு விசில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எந்த டாக்டரிடம் போனாலும், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே எங்கள் அடுப்படியை முழுக்க ஒப்பிப்பது அப்பாவின் வழக்கமாகிவிட்டது. "காத்தால சுக்குக் காப்பிங்க, நேத்து தூதுவளைத் தொவையலுங்க, மிளகு ரசம் ரெண்டு டம்ளருங்க." சில டாக்டர்கள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்க மாட்டார்.

போன மார்கழியில் எனக்கு இருமல். சேலத்தில் வேலை பார்க்கும் எனக்கு இப்போது வயது அப்பாவின் அன்றைய வயதைவிட அதிகம். இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் சாப்பிடுகிறேன். லீவில் ஊருக்கு வந்த இடத்தில் இருமல் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள, ஏற்காட்டில் ஒரு டாக்டரிடம் பஸ்ஸில் போனேன். எழுபத்தாறு வயதில் அப்பா துணைக்கு வந்தார். என் மகளாக இருக்கக் கூடிய வயதுள்ள அந்த டாக்டர், மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"வேற ஒண்ணுமில்லீங்க" என்றேன். மனதறியப் பொய் இல்லை.

"டாக்டர், அவ பையத் தொறக்கச் சொல்லுங்க" என்றார் அப்பா. "பஸ்ஸுல ஒக்காந்தப்பவே வாசம் வந்துச்சுங்க."

கைப்பைக்குள் ஒரு பாக்கெட் இருந்தது. மூலிகை இருமல் மிட்டாய் என்று பச்சை இலைப் படம் போட்டது. மூன்று வாரமாகப் போகிற போக்கில் வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் அதைத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். சேர்மானப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது அதிமதுரம். அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, பாக்கெட்டைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள். நல்ல வேளையாகப் பெரிதாக ஏறியிருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் பேனட் இல்லை. இப்போதைய வண்டிகளில் டிரைவர் மகள்களுக்கு இடம் வைப்பதில்லை. சின்னராசு மாமா போய் ஆறு வருடமாகிறது. அந்தக் காக்கிச் சட்டைகளை அம்மா எப்போதோ கரித்துணியாக்கிவிட்டாள். ஏற்காட்டு ஆரஞ்சு கூட முன்போலக் கிடைப்பதில்லை. டாக்டர் வீட்டு வாசலில் கூடை வைத்திருந்த அம்மாளிடம் அப்பா தேடிப் பொறுக்கி இரண்டு வாங்கியிருந்தார். அவர் ஒன்றை உரித்தார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது. சுளையை மடியில் வைத்துக்கொண்டு தோலை என் கையில் தந்தார்.

"மோந்துக்க சாமி. இதுக்குக் கணக்கு வேண்டாம்" என்றார்.

வாழவந்தி வரும்வரை முகர்ந்துகொண்டே வந்தேன்.