கத்துகிற மீட்டர்

ஏழாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையின் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு, அப்பாவும் நானும் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினோம். பஸ்ஸின் போர்டை அப்பா என்னைத்தான் படிக்கச் சொன்னார். அதையும் என் நோட்டில் பெருமையாகக் குறித்திருக்கிறேன்.

நான் ரேடியோ செய்யப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அதற்கு மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். உண்டியலை உடைத்திருந்தேன்.

விழுப்புரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் இரண்டு மஞ்சள் மீட்டர்களை மேஜைமேல் வைத்தார். இரண்டும் ஒரே அச்சு. நடுவில் திருகும் குமிழ், சுற்றிலும் எண்கள். அதில் 600 என்றிருந்ததை விலை என்று நினைத்து, "அறுநூறா!" என்று கத்திவிட்டேன்.

"அது வோல்ட்டு பாப்பா" என்று சிரித்தவர், அப்பாவிடம் திரும்பினார். "இது கம்முனு இருக்கும்ணே. இன்னொன்னு, ஒயரு உள்ளாற அறுபடாம இருந்தா பீப்புனு கத்தும். வெல கொஞ்சம் கூட."

கத்தாததை வாங்கினால் மிச்சத்தில் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் வாங்கலாம். அது இல்லாமல் ரேடியோ இல்லை. நான் கத்தாததைத் தொட்டேன். அப்பா மற்றதை எடுத்துக் காதருகே வைத்துக்கொண்டார்.

"அதான் நம்பர் வருதேப்பா. இன்னாத்துக்குக் கத்தணும்?"

"நீகூடத்தான் நாள் பூரா கத்திக்கினு கீற. உன்ன இன்னா வித்துட்டனா?"

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. கூட்டேரிப்பட்டில் பல வருஷமாக வெல்டிங் வேலை செய்கிறவர், விளையாட்டுச் சாமானைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர், ஒரு பீப்புக்காக என் ரேடியோவைக் கெடுப்பானேன்?

வீட்டுக்கு வந்தும் குழப்பம் தீரவில்லை. மிக்ஸி ஒயர், அயர்ன்பாக்ஸ் ஒயர் என்று ஒவ்வொன்றாக அப்பா கண்ணை மூடிக்கொண்டு மீட்டர் முனையால் தொட்டுப் பார்த்தார். கத்தினால் தலையாட்டினார். டார்ச் பேட்டரியை அளந்தபோது மட்டும், "எவ்ளோ காட்டுது, நீ சொல்லு" என்றார். கைக்கடிகார பேட்டரிக்கும், வீட்டிலிருந்த மற்ற பேட்டரிகளுக்கும் அப்படியே.

பரீட்சை வைக்கிறார் என்று புரிந்துகொண்டேன். நோட்டில் எழுதினேன்: 'அப்பா கேட்டது பதினொன்று. பதினொன்றும் சரி. பாஸ்.' கீழே கோடு போட்டுக் கையெழுத்தும் வாங்கினேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து கோட்டில் இல்லை; மேலே ஏறி, என் மதிப்பெண்ணைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: 'அப்பாவுக்குக் கவனம் போதாது.'